எடைப் பையோடு நடக்கும் ரக்கிங் நிகழ்வுகள்: வடசென்னையில் இருந்து கிளம்புகிறவர்களுக்கு ஒரு வழிகாட்டி

முதுகில் எடை ஏற்றிய பையை மாட்டிக்கொண்டு நடப்பதுதான் ரக்கிங். நிகழ்வு என்றால் குறிப்பிட்ட தூரத்தைக் குறிப்பிட்ட நேரத்துக்குள் முடிக்க வேண்டும். ஓடுவதற்கு மூட்டு ஒத்துழைக்காதவர்கள், ஜிம்முக்கு மாதாமாதம் பணம் கட்ட மனமில்லாதவர்கள், வெறும் நடை போதவில்லை என்று நினைப்பவர்கள் எனப் பலர் இதில் ஆர்வமாக இருக்கிறார்கள். எல்லோரும் கேட்பது ஒன்றைத்தான்: நிகழ்வு எங்கே நடக்கிறது, எப்படிச் சேருவது, என்ன தயார் செய்வது?

திருவொற்றியூரில் உட்கார்ந்துகொண்டு நான் இதைத் தேடியபோது கிடைத்தது பெரும்பாலும் வெளிநாட்டுத் தகவல்தான். எடையைப் பவுண்டில் சொன்னார்கள், தூரத்தை மைலில் சொன்னார்கள், குளிருக்கு எத்தனை அடுக்கு உடுத்துவது என்று விளக்கினார்கள். நம்ம ஊர் புழுக்கத்துக்கும், கன்டெய்னர் லாரி ஓடும் சாலைக்கும், விடியற்காலை ரோந்து போலீஸுக்கும் அதில் ஒரு வரிகூட இல்லை. அலைந்து திரிந்து தெரிந்துகொண்டதை இங்கே வரிசையாக எழுதுகிறேன். ராயபுரம், தண்டையார்பேட்டை, வியாசர்பாடி, பெரம்பூர், மணலி, எண்ணூர் பக்கம் இருப்பவர்களை மனதில் வைத்தே எழுதுகிறேன்.

1. எந்த நிகழ்வானாலும் முதலில் மூன்று எண்கள்

எவ்வளவு எடை, எவ்வளவு தூரம், எத்தனை மணி நேரக் கெடு. அறிவிப்பில் இந்த மூன்றும் தெளிவாக இல்லையென்றால் பணம் கட்டாதீர்கள். மூன்றும் தெரிந்தால் ஒரு கிலோமீட்டருக்கு எத்தனை நிமிடம் என்று வகுத்துப் பாருங்கள். நிகழ்வின் உண்மையான கடினம் அந்த எண்ணில்தான் இருக்கிறது.

உதாரணமாக, நார்வே ராணுவத்தின் நடைப் பட்டயத்துக்கு 11 கிலோ பையோடு 30 கிலோமீட்டர் போக வேண்டும். கெடு வயதுக்கும் பாலினத்துக்கும் ஏற்ப மாறும். இளம் ஆண்களுக்கு ஏறக்குறைய நாலரை மணி நேரம். வகுத்தால் கிலோமீட்டருக்கு 9 நிமிடம் வருகிறது. வெறும் நடையில் இதை முடிப்பது கஷ்டம், பெரும்பாலோர் இடையிடையே ஓட வேண்டியிருக்கும். அமெரிக்காவின் கோரக் நிறுவனம் நடத்தும் ஸ்டார் கோர்ஸ் என்ற நடை நிகழ்வில் பெரிய தூரம் 50 மைல், அதாவது 80 கிலோமீட்டர். கெடு 20 மணி நேரம். கிலோமீட்டருக்கு 15 நிமிடம். வேகம் குறைவு, ஆனால் இரவு முழுக்கத் தூக்கம் இல்லாமல் நடக்க வேண்டும். முதலாவதற்கு நுரையீரலைப் பழக்க வேண்டும், இரண்டாவதற்குப் பாதத்தையும் தூக்கத்தையும். இரண்டுக்கும் ஒரே பயிற்சி உதவாது.

எடையைக் கேட்கும்போது ஒரு கேள்வி கூடுதலாகக் கேளுங்கள்: தண்ணீரும் சாப்பாடும் அந்த எடையில் சேருமா? பல நிகழ்வுகளில் சேராது. 10 கிலோ என்றால் குடித்துத் தீர்த்த பிறகும் பையில் 10 கிலோ இருக்க வேண்டும். இரண்டு லிட்டர் தண்ணீரோடு கிளம்பும்போது உங்கள் தோளில் 12 கிலோவுக்கு மேல் இருக்கும். பயிற்சியையும் அந்தக் கணக்கில்தான் செய்ய வேண்டும்.

பவுண்டு கணக்குக்கு: 10 பவுண்டு நாலரை கிலோ, 20 பவுண்டு 9 கிலோ, 30 பவுண்டு 13.6 கிலோ, 35 பவுண்டு ஏறக்குறைய 16 கிலோ.

2. நிகழ்வைத் தேடும் வழி

ரக்கிங் என்ற பெயரைப் போட்டுத் தேடினால் நம்ம ஊரில் கைக்கு அகப்படுவது குறைவு. பெயரை விடுங்கள். எடையோடு நடக்க இடம் கொடுக்கும் நிகழ்வு எது என்று தேடுங்கள். அதற்குச் சில வழிகள் உண்டு.

ஓட்டக் குழுக்கள்தான் எளிதான வாசல். சென்னை ரன்னர்ஸ் அமைப்புக்கு நகரின் பல பகுதிகளில் காலைக் குழுக்கள் இருக்கின்றன. ஜனவரியில் நடக்கும் சென்னை மாரத்தானை நடத்துவதும் அவர்கள்தான். இப்படிப்பட்ட நிகழ்வுகளில் 10 கிலோமீட்டர் பிரிவில் நடப்பவர்களும் கலந்துகொள்வார்கள். ஆனால் பையோடு வரலாமா என்பது நிகழ்வுக்கு நிகழ்வு மாறும். கூட்டம் அதிகமாகச் சேரும் இடங்களில் பாதுகாப்புக் காரணத்தால் பெரிய பையை விடமாட்டார்கள். ஒரு நிகழ்வில் எனக்குத் தொலைபேசியில் "பை எடுத்துட்டு வாங்க, பரவாயில்ல" என்றார்கள். தொடக்கக் கோட்டில் நின்ற காவலாளி கழற்றி வைக்கச் சொன்னார். போனில் பேசியவர் யாரென்றே அங்கே யாருக்கும் தெரியவில்லை. கட்டிய பணமும் திரும்ப வரவில்லை. ஆகவே மின்னஞ்சலில் கேளுங்கள். "இத்தனை கிலோ எடையுள்ள, இத்தனை லிட்டர் பையோடு நடக்க அனுமதி உண்டா" என்று அளவைக் குறிப்பிட்டுக் கேளுங்கள். பதிலை அச்செடுத்துப் பையில் வையுங்கள்.

அடுத்தது மலையேற்றம். தமிழ்நாடு அரசு 2024 அக்டோபரில் தொடங்கிய மலையேற்றத் திட்டத்தில் 40 பாதைகள் இருக்கின்றன, இணையத்திலேயே முன்பதிவு செய்யலாம். வடசென்னைக்காரர்களுக்குக் கிட்டத்தில் இருப்பது திருவள்ளூர் மாவட்டத்தின் குடியம் குகைப் பாதை. எளிய பாதை, வழிகாட்டியும் கூட வருவார். எடைப் பையோடு மண்ணிலும் கல்லிலும் நடந்து பழக முதல் இடமாக இதைச் சொல்வேன். வனத்துறை அனுமதி இல்லாமல் காட்டுக்குள் கூட்டிப்போகிறேன் என்று யாராவது சொன்னால் போகாதீர்கள். 2018 மார்ச்சில் குரங்கணி தீயில் எத்தனை உயிர் போயிற்று என்பது நமக்கெல்லாம் தெரியும். காட்டுத் தீ அபாயமுள்ள மாதங்களில் பாதைகளை மூடிவிடுவார்கள் என்பதால், பிப்ரவரி நடுவிலிருந்து ஏப்ரல் வரை திட்டமிடும்போது முதலில் திறந்திருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

மூன்றாவது, இருந்த இடத்திலிருந்தே கலந்துகொள்ளும் மெய்நிகர் சவால்கள். அமெரிக்காவில் நியூ மெக்சிகோவின் ஒயிட் சாண்ட்ஸில் நடக்கும் பட்டான் நினைவு நடையில் கனச்சுமைப் பிரிவு உண்டு: மாரத்தான் தூரம், 35 பவுண்டு பை. நேரில் போக முடியாதவர்களுக்கு மெய்நிகர் பிரிவும் நடத்தியிருக்கிறார்கள். கோரக்கும் இப்படிப்பட்ட சவால்கள் நடத்துகிறது. கடிகாரத்தில் பதிவான தூரம், தராசில் வைத்த பையின் படம் போன்றவற்றை ஆதாரமாகக் கேட்பார்கள். முதல் நிகழ்வாக இது நல்லது என்பது என் கருத்து. தேதியையும் பாதையையும் நீங்களே தேர்ந்தெடுக்கலாம், தொடக்கக் கோட்டில் யாரும் பையைக் கழற்றச் சொல்ல மாட்டார்கள்.

நான்காவது, நம் பாதயாத்திரைகள். ஆடி மாதம் பெரியபாளையத்துக்கும், புரட்டாசியில் திருப்பதிக் குடையோடும் நடப்பவர்களைப் பார்த்திருப்பீர்கள். நீண்ட தூரம், கூட்டாக, வெறுங்காலோடு நடப்பதில் அவர்களுக்கு இருக்கும் அனுபவம் எந்தப் பயிற்சியாளருக்கும் இல்லை. அவர்களோடு போக விரும்பினால் குழுவின் பெரியவரிடம் முன்பே கேட்டுக்கொண்டு போங்கள். அது அவர்களுடைய வேண்டுதல். அங்கே போய் நேரத்தைக் கணக்கிட்டுக்கொண்டு, எடைக்கு வைத்த இரும்புத் தட்டோடு முன்னால் விரைவது சரியில்லை. சொந்தத் துணிமணி, தண்ணீர், மற்றவர்களின் சாமான் ஆகியவற்றைச் சுமந்து நடங்கள். நல்ல பயிற்சி, அவர்களுக்கும் உதவி.

இதெல்லாம் இல்லாமல் ஐந்தாறு பேர் சேர்ந்து நீங்களே நடத்தலாம். நடைபாதையில் அமைதியாக நடந்துபோகிற சிறு குழு என்றால் சிக்கல் இல்லை. பதாகை, ஒலிபெருக்கி, சாலையோரப் பந்தல் என்று போனால் காவல்துறை அனுமதி வேண்டும். பகுதிக் காவல் நிலையத்தில் சில வாரங்கள் முன்பே எழுதிக் கொடுங்கள்.

ஒரு எச்சரிக்கை. வாட்ஸ்அப்பில் சுவரொட்டி அனுப்பி, தனிநபர் எண்ணுக்கு ஜிபே செய்யச் சொல்லும் நிகழ்வுகள் சுற்றுகின்றன. நடத்துபவர் யார், அனுமதி யாரிடம் வாங்கினார்கள், ஆம்புலன்ஸ் நிற்குமா, ரத்தானால் பணம் திரும்புமா என்ற நாலு கேள்விக்கும் பதில் வராவிட்டால் ஒதுங்கிவிடுங்கள்.

3. பதிவும் பணமும் காகிதங்களும்

உள்ளூர் நிகழ்வு என்றால் ஆதார் அல்லது ஓட்டுநர் உரிமத்தின் நகல், ரத்த வகை, அவசரத்துக்கு அழைக்க ஒருவரின் எண் ஆகியவற்றைக் கையில் வைத்துக்கொண்டு பதிவுப் பக்கத்தைத் திறங்கள். பெயரை ஆதாரில் உள்ளபடியே போடுங்கள். பிப், அதாவது சட்டையில் குத்திக்கொள்ளும் எண் அட்டை, வாங்கும் இடத்தில் இரண்டையும் ஒப்பிட்டுப் பார்ப்பார்கள். இனிஷியலை ஒரு இடத்தில் முன்னாலும் இன்னொரு இடத்தில் பின்னாலும் போட்டால் வீண் விளக்கம் சொல்ல வேண்டிவரும். 18 வயதுக்குக் கீழ் இருந்தால் பெற்றோர் கையெழுத்து வேண்டும்.

பொறுப்பு உறுதிமொழிப் படிவத்தைப் படிக்காமல் கையெழுத்துப் போடாதீர்கள். காயம் பட்டால் நடத்துபவர்கள் பொறுப்பில்லை என்று எழுதியிருப்பது வழக்கம்தான். நீங்கள் பார்க்க வேண்டியது, தேதி மாறினாலோ மழையால் ரத்தானாலோ பணம் என்னாகும் என்ற பத்தி. வடகிழக்குப் பருவமழைக் காலத்தில் வைக்கும் எந்த நிகழ்வுக்கும் இது முக்கியம்.

மருத்துவச் சான்றிதழ் கேட்டால் எம்.பி.பி.எஸ். மருத்துவரின் பதிவு எண்ணும் முத்திரையும் இருக்க வேண்டும். கேட்காவிட்டாலும் 40 வயது தாண்டியவர்கள், சர்க்கரை, ரத்த அழுத்தம், முதுகுவலி உள்ளவர்கள் ஒருமுறை காட்டிவிட்டே தொடங்குங்கள். "நடக்கப் போகிறேன்" என்று மட்டும் சொன்னால் மருத்துவர் தாராளமாக நடங்கள் என்பார். முதுகில் இத்தனை கிலோ என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள்.

வெளிநாட்டுச் சவாலுக்குப் பணம் கட்டும்போது அட்டை மறுக்கப்பட்டால் பயப்பட வேண்டாம். நம் வங்கி அட்டைகளில் வெளிநாட்டுப் பரிவர்த்தனை பெரும்பாலும் அணைத்தே இருக்கும். வங்கிச் செயலியில் போய், சிறிய உச்சவரம்பு வைத்துத் திறந்து, கட்டி முடித்ததும் மறுபடி மூடுங்கள். கட்டணத்துக்கு மேல் அன்னியச் செலாவணிக் கூடுதல் கட்டணமும், அதன் மீது 18 சதவீத ஜி.எஸ்.டி.யும் விழும். பதக்கமோ துணிச் சின்னமோ தபாலில் வந்தால் சுங்க வரியும் கேட்கலாம். தபால் இல்லாத மலிவுப் பிரிவு இருந்தால் அதைத் தேர்ந்தெடுங்கள்.

நேரில் வெளிநாடு போகிறவர்களுக்குச் சுருக்கமாக: சாதாரண 36 பக்க பாஸ்போர்ட்டுக்கு ரூ.1,500, தட்கலில் ரூ.3,500. நெதர்லாந்தின் நைமேகன் நாலு நாள் நடை ஜூலையில் வரும். ராணுவப் பிரிவினர் நாளுக்கு 40 கிலோமீட்டர், 10 கிலோ பையோடு நடப்பார்கள், பொதுமக்களுக்குச் சுமை கட்டாயமில்லை. அங்கே போகத் தேவையான ஷெங்கன் விசாவின் கட்டணம் பெரியவர்களுக்கு 90 யூரோ. விசா விண்ணப்பம் கொடுக்கும் தேதிக்கே மாதக்கணக்கில் காத்திருக்க நேரலாம். அந்த வேலையை முடிக்காமல் விமானச் சீட்டு எடுக்காதீர்கள்.

4. பையும் எடையும்

தனியாக ரக்கிங் பை வாங்க வேண்டிய அவசியம் முதல் வருஷம் இல்லை. நல்ல தையலுள்ள 20 முதல் 30 லிட்டர் பை போதும். மூன்று இடங்களைப் பாருங்கள். தோள்பட்டை வார் பையோடு சேரும் தையல் இரட்டையாக இருக்கிறதா, மார்புப் பட்டி இருக்கிறதா, முதுகுப் பக்கம் தனி அறை இருக்கிறதா. லேப்டாப் வைக்கும் அறைதான் எடைக்கு ஏற்ற இடம்; எடை உடலோடு ஒட்டி, உயரத்தில் நிற்கும். எடை பையின் அடியில் தொங்கினால் ஒவ்வொரு அடிக்கும் இடுப்பு பின்னால் இழுபடும். இரண்டாயிரம், மூவாயிரம் ரூபாய்க்குள் இப்படிப்பட்ட பை கிடைக்கும்.

எடைக்கு என்ன போடுவது? தொடக்கத்துக்குத் தண்ணீர் பாட்டிலைவிட நல்லது எதுவும் இல்லை. ஒரு லிட்டர் ஒரு கிலோ. நடுவழியில் முடியவில்லை என்றால் கொட்டிவிட்டு வீட்டுக்கு வரலாம். அடுத்து மணல். காய்ந்த மணல் நிரப்பிய இரண்டு லிட்டர் பாட்டில் மூன்று கிலோ வரும். கட்டட வேலை நடக்கும் இடத்தில் கேட்டு வாங்குங்கள். கடற்கரை மணலை எடுக்காதீர்கள், அதிலிருக்கும் உப்பும் ஈரமும் ஜிப்பைத் துருப்பிடிக்க வைக்கும். பாட்டிலைப் பழைய பெட்ஷீட்டில் சுற்றி, ஆடாமல் இறுக்கி வையுங்கள்.

10 கிலோவைத் தாண்டும்போது இரும்புத் தட்டு நல்லது, இடம் குறைவாக எடுக்கும். புதிதாக வாங்குவதற்கு முன் உங்கள் தெருவிலுள்ள காயலான் கடையைப் பாருங்கள். ஜிம் மூடும்போது வந்த தட்டுகள் சில நேரம் அங்கே கிடக்கும், எடைக்குத் தான் விலை. ஓரம் கூராக இருந்தால் துணியில் சுற்றி டேப் போடுங்கள். எடை சரியாக இருக்கிறதா என்று பழைய பேப்பர் கடைத் தராசில் பார்த்துக்கொள்ளலாம். அண்ணே, பையை வைத்துப் பார்க்கணும் என்று கேட்டால் யாரும் மாட்டேன் என்று சொல்லமாட்டார்கள். நிகழ்வு கேட்கும் எடையைவிடக் கால் கிலோ கூடுதலாகவே வையுங்கள்; அங்கே இருக்கும் தராசு உங்கள் தராசோடு ஒத்துப்போகும் என்று சொல்ல முடியாது.

செங்கல் வேண்டாம் என்பேன். உடைந்து தூளாகும், மூலை முதுகில் குத்தும்.

5. எங்கே நடந்து பழகுவது

எண்ணூர் விரைவுச் சாலையை முதலிலேயே விட்டுவிடுங்கள். துறைமுகத்துக்கு வரிசை கட்டும் கன்டெய்னர் லாரிகளுக்கு நடுவில், இருட்டில், பக்கவாட்டில் பார்க்கத் திரும்ப முடியாத பையோடு நடப்பது ஆபத்து. மணலி நெடுஞ்சாலைக்கும் இதே பேச்சுதான். காசிமேடு பக்கம் ஞாயிறு விடியற்காலையில் போகாதீர்கள். மீன் வாங்க வரும் கூட்டமும், ஈரத் தரையும் எடையோடு நடப்பவருக்குச் சரிப்படாது.

பெரம்பூர், வியாசர்பாடிக்காரர்கள் முரசொலி மாறன் பூங்காவிலும் சுற்றியுள்ள அகலமான தெருக்களிலும் தொடங்கலாம். நீண்ட நடைக்கு ராயபுரத்திலிருந்து ராஜாஜி சாலை வழியாகக் கடற்கரை நிலையம், கோட்டை, நேப்பியர் பாலம் கடந்து கலங்கரை விளக்கம் வரை போய்த் திரும்பும் பாதைதான் எனக்குப் பிடித்தது. விடிவதற்குள் துறைமுகப் பகுதியைக் கடந்துவிட்டால் மெரினாவில் நடைபாதை அகலமாகக் கிடைக்கும். திரும்பும்போது ஒரு பகுதியை மணலில் நடந்தால் கெண்டைக்கால் நன்றாக உறுதிப்படும். முடியவில்லை என்றால் எந்த இடத்திலும் பேருந்தோ ரயிலோ உண்டு என்பது இந்தப் பாதையின் பெரிய வசதி.

நம் பக்கம் மேடு கிடையாது. மலைப் பாதைக்குத் தயாராக வேண்டியவர்கள் ரயில்வே நடைமேம்பாலப் படிகளிலும், அடுக்குமாடிக் குடியிருப்பின் மாடிப்படிகளிலும் ஏறி இறங்க வேண்டும். மாதம் ஒருமுறை பரங்கிமலைப் படிகளுக்குப் போய் வரலாம். இறங்கும்போதுதான் முழங்காலுக்கு அடி அதிகம், மெதுவாக இறங்குங்கள்.

துறைமுகம், கடலோரக் காவல் பகுதிகளில் கனமான பையோடு விடியற்காலையில் நடந்தால் ரோந்துக் காவலர்கள் நிறுத்திக் கேட்பார்கள். அது அவர்கள் வேலை. அசல் அடையாள அட்டையை எளிதில் எடுக்கும்படி வையுங்கள், எடையைப் பிரித்துக் காட்ட முடியாதபடி டேப் போட்டு மூடாதீர்கள். அங்கே படம் எடுப்பதையும் தவிருங்கள். மெட்ரோவில் ஸ்கேனர் இரும்புத் தட்டைக் காட்டும், பையைத் திறக்கச் சொல்வார்கள். பத்து நிமிடம் முன்னதாகப் போங்கள்.

காற்றைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். நம் பகுதியில் மணலி, ராயபுரம், கொடுங்கையூரில் காற்றுத் தரம் அளக்கும் நிலையங்கள் இருக்கின்றன. மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் சமீர் செயலியில் அந்தந்த இடத்து அளவைப் பார்க்கலாம். காற்றுத் தரக் குறியீடு 200ஐத் தாண்டிய நாளில் வெளியே எடையோடு மூச்சு வாங்க நடக்காதீர்கள், வீட்டு மாடிப்படி போதும். 2023 டிசம்பரில் எண்ணூர் பெரியகுப்பத்தில் அம்மோனியா கசிந்த இரவை இந்தப் பக்கத்துக்காரர்கள் மறந்திருக்க மாட்டார்கள். மூக்கில் காரமான வாடை ஏறினால், கண் எரிந்தால், பயிற்சியை அங்கேயே நிறுத்திவிட்டுக் காற்று வரும் திசைக்குக் குறுக்காக விலகுங்கள்.

மழைத் தண்ணீர் தேங்கிய தெருவில் இறங்கவே கூடாது. மூடியில்லாத சாக்கடைக் குழி தெரியாது, காலில் சிறு புண் இருந்தால் எலிக் காய்ச்சல் வரும் வாய்ப்பும் உண்டு.

6. பன்னிரண்டு வாரக் கணக்கு

ஜனவரி நிகழ்வுக்கு அக்டோபர் தொடக்கத்தில் ஆரம்பிக்க வேண்டும். பதிவும் அதற்கு முன்பே திறந்துவிடும், முதலில் பதிவு செய்பவர்களுக்குக் கட்டணம் குறைவாக இருக்கும்.

வாரத்தில் இரண்டு நாள் போதும்: ஒரு நாள் நீண்ட நடை, ஒரு நாள் குறைந்த நேரத்தில் படி ஏற்றம். மற்ற நாட்களில் எடை இல்லாமல் நடக்கலாம். தினமும் எடையோடு நடந்தால் சீக்கிரம் முடிந்துவிடும் என்று நினைப்பவர்கள் ஒரு மாதத்துக்குள் முழங்கால் வலியோடு உட்கார்ந்துவிடுகிறார்கள். தசை வேகமாகப் பழகும், தசைநாணும் எலும்பும் மெதுவாகத்தான் பழகும்.

தொடக்க எடை உங்கள் உடல் எடையில் பத்தில் ஒரு பங்கைத் தாண்டக் கூடாது. 70 கிலோ இருப்பவர் 12 கிலோ, 20 கிலோமீட்டர் நிகழ்வுக்குத் தயாராகிறார் என்று வைத்துக்கொள்வோம். முதல் இரண்டு வாரம் 5 கிலோவோடு நாலைந்து கிலோமீட்டர். நான்காவது வாரத்துக்குள் அதே எடையில் 8 கிலோமீட்டர். அப்புறம் இரண்டு வாரத்துக்கு ஒருமுறை இரண்டு, இரண்டரை கிலோ வீதம் ஏற்றலாம். எடை ஏறும் வாரத்தில் தூரம் ஏறக் கூடாது, தூரம் ஏறும் வாரத்தில் எடை ஏறக் கூடாது. பத்தாவது வாரத்தில் முழு எடையோடு 13, 14 கிலோமீட்டர் நடக்க முடிந்தால் நிகழ்வை முடித்துவிடுவீர்கள். கடைசிப் பத்து நாள் பாதியாகக் குறைத்துவிடுங்கள்.

முதுகு நிமிர்ந்தே இருக்க வேண்டும். இடுப்பிலிருந்து முன்னால் குனிந்து நடக்கிறீர்கள் என்றால் எடை கூடிவிட்டது என்று அர்த்தம். கை விரல் மரத்துப்போனால் தோள் வார் நரம்பை அழுத்துகிறது. உடனே பையை இறக்குங்கள், மார்புப் பட்டியைச் சரிசெய்யுங்கள். மரத்துப்போன கையோடு தொடர்ந்து நடந்தால் அந்த உணர்வு திரும்ப வாரக்கணக்கில் ஆகலாம்.

7. வெக்கையும் தண்ணீரும் உப்பும்

இந்தக் கட்டுரையில் ஒரு பகுதியை மட்டும் படிக்க நேரம் இருந்தால் இதைப் படியுங்கள்.

கடலோரத்தில் காற்றிலேயே ஈரம் அதிகம். வியர்வை வழிகிறது, ஆனால் ஆவியாகவில்லை. ஆவியானால்தான் உடல் குளிரும். முதுகை முழுதாக மூடிய பை அதையும் தடுக்கிறது. வெயில் பழக உடலுக்குப் பத்திலிருந்து பதினான்கு நாள் வேண்டும். அதனால் ஏசி அறையிலேயே பயிற்சி செய்துவிட்டு நிகழ்வுக்குப் போகாதீர்கள். அதே நேரம், அக்னி நட்சத்திரக் காலத்தில் காலை ஏழு மணிக்கு மேல் எடையோடு வெளியே இருக்கவும் கூடாது. நாலரைக்குக் கிளம்பி ஏழுக்குள் வீடு திரும்பும்படி வையுங்கள்.

எவ்வளவு குடிப்பது என்பது ஆளுக்கு ஆள் மாறும். கண்டுபிடிக்க ஒரு வழி: ஒரு மணி நேர நடைக்கு முன்னும் பின்னும், வியர்வையைத் துடைத்துவிட்டு, குறைந்த உடையில் எடை பாருங்கள். குறைந்த ஒவ்வொரு கிலோவும் ஒரு லிட்டர் வியர்வை. நடுவில் குடித்ததையும் அதோடு கூட்டிக்கொள்ளுங்கள். அந்த அளவில் பெரும்பகுதியை மணிக்கு மணி சிறிது சிறிதாகக் குடித்து ஈடுசெய்ய வேண்டும். தாகமே இல்லாதபோது லிட்டர் லிட்டராக வெறும் தண்ணீர் குடிப்பதும் ஆபத்து. ரத்தத்தில் சோடியம் குறைந்து தலைவலி, குமட்டல், குழப்பம் வரும்.

உப்புக்கு ஓ.ஆர்.எஸ். வாங்கும்போது உலக சுகாதார நிறுவன அளவுப்படி என்று பாக்கெட்டில் இருக்கிறதா பாருங்கள். ஒரு லிட்டர் பாக்கெட்டை ஒரு லிட்டரில்தான் கரைக்க வேண்டும், அரை பாட்டிலில் கரைக்கக் கூடாது. பழச்சுவை போட்ட டெட்ரா பேக் பானம் இதற்கு மாற்று ஆகாது. வீட்டில் உப்புப் போட்ட மோரோ நீராகாரமோ இருந்தால் கிளம்பும் முன் ஒரு சொம்பு குடியுங்கள். சாப்பாட்டுக்குப் பொடி தடவிய இட்லி, பேரீச்சம்பழம், கடலை மிட்டாய். ஒரு மணி நேரத்துக்கு ஒருமுறை கொஞ்சம் போதும். ரத்த அழுத்த மாத்திரை சாப்பிடுகிறவர்கள் உப்பு விஷயத்தை மருத்துவரிடம் கேட்டே முடிவு செய்யுங்கள்.

கூட நடப்பவர் உளறினாலோ, திடீரென்று தள்ளாடினாலோ, கேட்டதற்குச் சம்பந்தமில்லாமல் பதில் சொன்னாலோ அதை வெப்பத் தாக்கு என்றே எடுத்துக்கொள்ளுங்கள். பையைக் கழற்றி, நிழலில் படுக்கவைத்து, உடல் முழுக்கத் தண்ணீர் ஊற்றி விசிறுங்கள், 108ஐ அழையுங்கள். நினைவு தெளிவாக இல்லாதவருக்கு வாயில் எதுவும் ஊற்றாதீர்கள். ஆம்புலன்ஸ் வரும்வரை குளிர்விப்பதை நிறுத்தக் கூடாது.

8. பாதம்

ஷூ வழக்கமான அளவைவிட அரை அளவு பெரிதாக, மாலையில் போய் வாங்குங்கள். எடையோடு நடந்தால் பாதம் விரியும். ராணுவ பூட்ஸ் நம்ம ஊர் வியர்வைக்கு ஒத்துவராது. ஓட்ட ஷூவே போதும். பருத்திக் காலுறை ஈரத்தைப் பிடித்துவைத்துக்கொண்டு கொப்புளம் போடும், செயற்கை இழையோ கம்பளி கலந்ததோ வாங்குங்கள். விரல் இடுக்கிலும் குதிகாலிலும் வாசலின். தொடை உரசும் இடத்தில் தேங்காய் எண்ணெய். உதிரிக் காலுறை ஒன்று பிளாஸ்டிக் உறையில் போட்டுப் பையில் இருக்கட்டும், பாதி வழியில் மாற்றிக்கொண்டால் மீதித் தூரம் சுலபமாகும்.

ஓரிடம் சுடுகிறது என்று தோன்றிய உடனே நின்று டேப் போடுங்கள். குழு போய்விடுமே என்று நடந்தால் இரண்டு கிலோமீட்டரில் அது கொப்புளமாகிவிடும்.

9. முந்தைய நாளும் நிகழ்வு நாளும்

பிப் கொடுக்கும் இடம் பெரும்பாலும் நகரின் தெற்குப் பக்கமாக இருக்கும். அதற்கு அரை நாள் ஒதுக்குங்கள். வேறொருவரை அனுப்பினால் உங்கள் கையெழுத்துக் கடிதமும் அடையாள அட்டை நகலும் கேட்பார்கள். நிகழ்வு நாலு மணிக்குத் தொடங்கினால் மெட்ரோ உதவாது, வழக்கமான முதல் ரயில் ஐந்து மணிக்குத்தான். சில மாரத்தான் நாட்களில் முன்கூட்டியே ரயில் விட்டிருக்கிறார்கள், அறிவிப்பு வந்தால் மட்டும் நம்புங்கள். முந்தைய இரவே ஆட்டோ பேசி வைப்பது நல்லது.

பையில் இருக்க வேண்டியவை: எடை, இரண்டு லிட்டர் தண்ணீர், ஓ.ஆர்.எஸ்., தலைவிளக்கு, பின்னால் வரும் வண்டிக்குத் தெரிய ஒளிரும் பட்டை, அடையாள அட்டை, அனுமதி மின்னஞ்சலின் அச்சு, முதலுதவி டேப், கொஞ்சம் ரொக்கம். கோரக் நிகழ்வுகளில் இடையில் விலகினால் வீடு திரும்புவதற்கென்றே பணம் வைத்திருக்கக் கட்டாயப்படுத்துகிறார்கள். நல்ல ஏற்பாடு அது. 200 ரூபாயைத் தனியாக மடித்து வையுங்கள். போன் சார்ஜ் தீர்ந்தால் ஜிபே கைகொடுக்காது. வெளியூர் நிகழ்வுக்கு விமானத்தில் போகிறவர்கள் காலிப் பையை எடுத்துப்போய் அங்கே மணலோ தண்ணீரோ நிரப்பிக்கொள்ளலாம்.

பெண்கள், கழிப்பறை எங்கெங்கே இருக்கிறது என்று நடத்துபவர்களிடம் முன்கூட்டியே கேட்டு வாங்குங்கள். பதில் இல்லாத நிகழ்வில் தண்ணீரைக் குறைத்துக் குடிக்கும் கட்டாயம் வரும், இந்த ஊர் வெக்கையில் அது சரியில்லை. அப்படிப்பட்ட நிகழ்வை விட்டுவிடலாம்.

நடக்கும்போது முதல் மூன்று கிலோமீட்டரில் யாரையும் முந்தாதீர்கள்.

10. முடிந்த பிறகு

பையை இறக்கியதும் உட்கார்ந்துவிடாமல் பத்து நிமிடம் வெறுமனே நடங்கள். மெய்நிகர் சவால் என்றால் தூரப் பதிவையும் தராசுப் படத்தையும் அன்றே அனுப்பிவிடுங்கள், கெடு தாண்டினால் ஏற்கமாட்டார்கள். சான்றிதழில் பெயர் தவறாக வந்தால் அந்த வாரத்துக்குள் எழுதினால் திருத்துவார்கள்.

ஒரு வாரம் எடை வேண்டாம். தொடை வலி மூன்று நாளில் குறைந்துவிடும். சிறுநீர் கட்டங்காபி நிறத்தில் போனால் தசை சிதைவாக இருக்கலாம், அன்றே மருத்துவமனைக்குப் போக வேண்டும். பாத எலும்பில் ஒரே புள்ளியில் அழுத்தினால் வலிக்கிறது, நாலைந்து நாளாகியும் குறையவில்லை என்றால் எலும்பில் கீறல் விழுந்திருக்கக்கூடும். எண்ணெய் தேய்த்துச் சரிசெய்யப் பார்க்காதீர்கள். நம் பக்கத்தில் ஸ்டான்லி அரசு மருத்துவமனையில் எலும்புப் பிரிவு இருக்கிறது. காலையிலேயே போய் ஓ.பி. சீட்டு வாங்குங்கள், எத்தனை கிலோவோடு எவ்வளவு தூரம் நடந்தீர்கள் என்பதை மருத்துவரிடம் மறக்காமல் சொல்லுங்கள்.